'ஜாக்' தொடர்: சீருடை போட்ட வக்கீல் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

வந்த கேள்வி இது: "அமெரிக்கக் கடற்படை வக்கீல்களைப் பற்றிய 'ஜாக்' என்ற பழைய தொடர் பத்து சீசன் இருக்கிறது. அவ்வளவு நேரம் ஒதுக்கிப் பார்க்கலாமா? அதில் காட்டுகிற கோர்ட் மார்ஷல் நிஜத்திலும் அப்படித்தான் நடக்குமா, இல்லை எல்லாம் கதைக்காகச் செய்ததா?"

தாராளமாகப் பாருங்கள். நான் முழுத் தொடரையும் இரண்டு முறை பார்த்தவன். நீதிமன்ற நடைமுறை என்று பார்த்தால் பாதிக்கு மேல் கற்பனைதான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ராணுவச் சட்டத்தின் நடுவில் இருக்கிற ஒரு முடிச்சை இந்தத் தொடர் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணையில், குற்றம் சாட்டுகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர், குற்றம் சாட்டப்பட்டவர், அவருக்காக வாதாடுகிறவர் எல்லாரும் ஒரே சீருடை. எல்லாருக்கும் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்து. அப்படி ஓர் இடத்தில் வக்கீல் யார் பக்கம் நிற்க வேண்டும்? மேலதிகாரி பக்கமா, கட்சிக்காரர் பக்கமா? நல்ல எபிசோடுகள் எல்லாம் இந்த இடத்தைத்தான் சுற்றி வருகின்றன.

பெயரிலிருந்து தொடங்குவோம். 'ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்' என்பதன் சுருக்கம்தான் ஜாக். ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரியின் பதவிப் பெயர் அது. பேச்சு வழக்கில் அவருக்குக் கீழே இருக்கிற வக்கீல்களையும் ஜாக் என்றே சொல்வார்கள். அமெரிக்கத் தரைப்படையில் இந்தப் பதவி 1775லேயே வந்துவிட்டது. கடற்படை வக்கீல்கள் தனிப் பிரிவாக ஆனது 1967 டிசம்பரில்தான். இந்திய ராணுவத்திலும் இதே பெயரில் ஒரு துறை உண்டு என்பதால் நம்மில் சிலருக்கு இது பழகிய சொல்லாக இருக்கலாம்.

தொடரை உருவாக்கியவர் டொனால்ட் பெல்லிசாரியோ. அவரே இளமையில், கப்பலிலிருந்து இறங்கிச் சண்டை போடுகிற மரைன் படையில் இருந்தவர். சீருடை, பதக்கப் பட்டைகள், சல்யூட் அடிக்கிற முறை இதிலெல்லாம் தொடர் காட்டுகிற அக்கறைக்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1995 செப்டம்பர் 23 அன்று என்.பி.சி.யில் ஆரம்பித்தது. ஒரே சீசனில் என்.பி.சி. கைகழுவிவிட்டது. 1997 ஜனவரியில் சி.பி.எஸ். எடுத்துக்கொண்டு மறுபடி ஓட்டியது. 2005 ஏப்ரல் 29 வரை ஓடி, மொத்தம் 227 எபிசோடுகள். ஒரு சானல் வேண்டாம் என்று விட்ட தொடர் இன்னொரு சானலில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது அபூர்வம்.

அந்தக் கைமாற்றத்தில் ஒரு சுவையான சங்கதி உண்டு. முதல் சீசனின் கடைசி எபிசோடை என்.பி.சி. ஒளிபரப்பவே இல்லை. அதில் கதாநாயகனின் தோழியான டயான் என்ற கடற்படை அதிகாரி கொலை செய்யப்படுகிறாள். நடித்தவர் கேத்தரின் பெல். சி.பி.எஸ்.ஸில் தொடர் மறுபிறவி எடுத்தபோது, புதிய நாயகியாகவும் அதே கேத்தரின் பெல்லையே போட்டார்கள். இதை எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில், வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் பதக்கம் வாங்கிய கையோடு கதாநாயகன் ஹார்ம் திரும்பிப் பார்க்கிறான். எதிரே மரைன் சீருடையில் மேஜர் சாரா மெக்கென்சி, அதாவது மேக். இறந்தவளை அப்படியே உரித்து வைத்த முகம். அவன் முகம் வெளிறிப் போகிறது. நடிகை ஒருவரே என்ற சிக்கலைக் கதையின் வேராகவே மாற்றிவிட்டார்கள். ஒளிபரப்பாகாத அந்த எபிசோடின் காட்சிகளையும் வீணாக்காமல், மூன்றாம் சீசனில் டயான் கொலையைத் துப்பு துலக்குகிற எபிசோடுக்குள் சேர்த்தார்கள்.

அப்புறம் கதை. டேவிட் ஜேம்ஸ் எலியட் நடித்த ஹார்மன் ராப் முதலில் எஃப்-14 'டாம்கேட்' ஓட்டிய கடற்படை விமானி. புயல் இரவில் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது விபத்து. பார்வையில் மாலைக்கண் கோளாறு என்று தெரிய வருகிறது, விமானி வேலை போய்விடுகிறது. சட்டம் படித்து ஜாக் ஆகிறான். அவன் அப்பாவும் கடற்படை விமானிதான். 1969 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டவர், உடல் கிடைக்கவில்லை. 'காணாமல் போனவர்' என்பதுதான் அரசாங்கப் பதிவு.

வருடா வருடம் அந்த இரவில் ஹார்ம் வாஷிங்டனில் இருக்கிற வியட்நாம் நினைவுச் சுவருக்குப் போய் நிற்பான். கருங்கல் சுவர், அதில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். வைர வடிவம் என்றால் இறப்பு உறுதியானவர். சிலுவைக் குறி என்றால் காணாமல் போனவர். அந்தக் குறி மாறுமா என்பதுதான் ஹார்மின் வாழ்க்கை. தேடல் அவனை ரஷ்யா வரை இழுத்துக்கொண்டு போகிறது. அப்பா அங்கே கொண்டுபோகப்பட்டு, சைபீரியாவில் ஒரு கிராமத்துப் பெண்ணைக் காப்பாற்றப் போய் இறந்தார் என்று தெரிகிறது. அது கற்பனை. ஆனால் வியட்நாம் போரில் காணாமல் போய் இன்றுவரை கணக்குத் தெரியாத அமெரிக்கர்கள் 1,500க்கும் மேல் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்தச் சுவர்க் காட்சியில் வசனம் அதிகம் இருக்காது. ஆனாலும் அதைத்தான் பலரும் மறக்காமல் சொல்வார்கள்.

மேக் பாத்திரம் இன்னும் நுணுக்கமானது. குடிகார அப்பாவிடம் வளர்ந்து, தானும் குடியில் விழுந்து, அதிலிருந்து எழுந்து மரைன் அதிகாரி ஆனவள். ஈரானிய வம்சாவளி என்பதால் ஃபார்ஸி பேசுவாள் (நடிகையின் தாயாரும் ஈரானியர்). கடிகாரம் பார்க்காமலே மணியைத் துல்லியமாகச் சொல்வாள். இவர்கள் இருவருக்கும் மேலே அட்மிரல் செக்விடன், ஜான் எம். ஜாக்சன் நடித்தது. வியட்நாமில் சீல் கமாண்டோவாக இருந்து பிறகு வக்கீலானவர். அலுவலகத்துக்குள் கூப்பிட்டு நிற்க வைத்து ஒரு பார்வை பார்ப்பார். எதிரே நிற்பவருக்கு நெஞ்சு உலர்ந்துவிடும்.

சரி, கோர்ட் மார்ஷல் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியின் முக்கியமான பாதி அதுதான்.

பெரிய பொய் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடரில் ஹார்மும் மேக்கும் இந்த வாரம் துப்பறிவார்கள், அடுத்த வாரம் அரசுத் தரப்பில் வாதாடுவார்கள், அதற்கடுத்த வாரம் எதிர்த் தரப்பில். ஒரே அறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, ஒரே அட்மிரலிடம் கோப்பு வாங்கிக்கொண்டு போய் ஒருவரை ஒருவர் எதிர்ப்பார்கள். நாடகத்துக்கு அது அருமை. நிஜத்தில் அது நடக்கக் கூடாது என்பதற்காகவே கடற்படையில் எதிர்த் தரப்பு வக்கீல்களுக்குத் தனி அலுவலகம் வைத்திருக்கிறார்கள். குற்றம் சாட்டுகிற தரப்பின் தலைவர், எதிர்த் தரப்பு வக்கீலின் பதவி உயர்வுக் குறிப்பை எழுதக் கூடாது என்பதுதான் அதன் உயிர். துப்பறிவதற்கும் தனி அமைப்பு இருக்கிறது, அதுதான் என்.சி.ஐ.எஸ். அந்தப் பெயரில் இருபது வருடத்துக்கும் மேல் ஓடுகிற தொடர் ஜாக்கின் வயிற்றில் பிறந்ததுதான். 2003 ஏப்ரலில் எட்டாம் சீசனில் வந்த இரண்டு எபிசோடுகள் அதற்கான வெள்ளோட்டம். அதில் கொலைச் சந்தேகத்தில் மாட்டுவது ஹார்மேதான்.

இன்னொன்று, ஜாக் வக்கீலின் நாள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் கழிவதில்லை. கப்பல் ஆறு மாதத்துக்குக் கிளம்பப் போகிறது என்றால், இருபது வயதுப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவனுக்கு உயில் எழுத வேண்டும். ஒருத்திக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் அம்மா பெயரில் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொருவனிடம் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார். இதெல்லாம் ஜாக் வேலை. போர்க்களத்தில் இன்ன இலக்கைத் தாக்கலாமா, சட்டம் இடம் கொடுக்கிறதா என்று தளபதிக்குச் சொல்வதும் ஜாக் வேலை. வழக்காடுவது ஒரு பங்குதான்.

சட்டத்தின் எலும்புக்கூட்டைத் தொடர் ஓரளவு சரியாகவே காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கில் கோர்ட் மார்ஷல்கள் நடந்தன. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள், தளபதி நினைத்ததே தீர்ப்பாக இருந்தது என்று குமுறினார்கள். அந்தக் குமுறலின் விளைவாகத்தான் எல்லாப் படைகளுக்கும் பொதுவான ராணுவ நீதிச் சட்டம் 1950இல் நிறைவேறி, 1951இல் நடைமுறைக்கு வந்தது. தொடரில் அடிக்கடி காதில் விழுகிற 'ஆர்ட்டிக்கிள் 32' இந்தச் சட்டத்தின் பிரிவுதான்: பெரிய வழக்குகளில் விசாரணைக்கு முன் நடக்கும் ஆரம்ப விசாரணை. 31ஆம் பிரிவு எனக்குப் பிடித்தது. சந்தேகப்படுகிற சிப்பாயை விசாரிப்பதற்கு முன், குற்றச்சாட்டு என்ன என்று சொல்ல வேண்டும், பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் போலீஸ்காரர்கள் இதைச் சொல்லியாக வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் விதித்தது 1966இல். சிப்பாய்க்கு அதற்குப் பதினைந்து வருடம் முன்பே கிடைத்துவிட்டது.

ஜூரி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே சீருடைக்காரர்கள், அவர்களுக்கு 'மெம்பர்கள்' என்று பெயர். ஊரிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்தவர்கள் இல்லை. வழக்கை நடத்த உத்தரவிடுகிற தளபதியே அவர்களைத் தேர்ந்தெடுப்பது நெடுநாள் வழக்கம். எல்லாரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. மரண தண்டனை வழக்கைத் தவிர மற்றவற்றுக்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு போதும், 2019 முதல் நான்கில் மூன்று பங்கு. இன்னொரு விஷயம், தினமும் கோர்ட்டுக்குப் போகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது: அந்த மெம்பர்கள் சாட்சியைக் கேள்வி கேட்கலாம். கேள்வியைச் சீட்டில் எழுதி நீட்டுவார்கள், இரு தரப்பு வக்கீலும் படிப்பார்கள், ஆட்சேபம் இல்லையென்றால் நீதிபதி அதைச் சாட்சியிடம் கேட்பார். நாம் ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்து விட்ட ஓட்டையை ஒரு பழைய சார்ஜென்ட் துண்டுச் சீட்டில் பிடித்துவிடலாம் என்றால் வக்கீலுக்கு எப்படி இருக்கும்!

அமெரிக்க இராணுவச் சட்டத்தில் கெட்ட வார்த்தைக்குச் சமமான ஒரு சொல் உண்டு: கமாண்டரின் சட்ட விரோதத் தலையீடு. தளபதி வாய் திறந்து "அவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடு" என்று சொல்லத் தேவையில்லை. மெம்பர்களாக உட்காரப் போகிறவர்கள் இருக்கிற கூட்டத்தில் "இந்த மாதிரி ஆட்கள் நம் படைக்கே அவமானம்" என்று பொதுவாகப் பேசினாலே போதும். ராணுவ நீதிச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. ராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் இதை ராணுவ நீதியின் பரம எதிரி என்றே எழுதியது. ஜாக் தொடரில் கடற்படைச் செயலர் அட்மிரல் செக்விடனைக் கூப்பிட்டு, இந்த வழக்கு சீக்கிரம் முடிந்தால் எல்லாருக்கும் நல்லது என்கிற தொனியில் பேசுகிற காட்சி திரும்பத் திரும்ப வரும். அட்மிரல் கேட்டுக்கொண்டு திரும்பி வருவார். சில சமயம் அந்த அழுத்தத்தைத் தன் தோளிலேயே நிறுத்திக்கொள்வார், கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. சில சமயம் ஹார்மிடம் வேறு வார்த்தையில் சொல்லிவிடுவார், பார்க்கிற நமக்கே உறுத்தும். இந்தத் தொடர் உண்மையைத் தொட்ட இடம் இதுதான். குறையும் இங்கேதான். நல்ல அட்மிரல் ஒருவர் இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தொடர் நம்பியது. நிஜ அமெரிக்கா அப்படி நம்பவில்லை. பல வருட வாதத்துக்குப் பிறகு, 2023 டிசம்பர் இறுதியிலிருந்து பாலியல் வன்முறை, கொலை போன்ற குற்றங்களில் வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவைத் தளபதிகள் கையிலிருந்து எடுத்து, தனி அரசுத் தரப்பு வக்கீல்கள் அலுவலகத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஜாக்கின் பழைய எபிசோடுகளை இன்று பார்க்கும்போது இந்த மாற்றம் மனதில் இருந்தால், பல காட்சிகள் வேறு மாதிரி தெரியும்.

கோர்ட் காட்சிகளில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற ஒன்று இருக்கிறது. ஹார்ம் ஒரு வழக்கில், ஆதாரமாக வைத்திருந்த தானியங்கித் துப்பாக்கியை எடுத்து நீதிமன்றத்தின் கூரையைப் பார்த்து நிஜத் தோட்டாவாலேயே சுட்டுவிடுவான். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிரும். நீதிபதி மேசைக்கு அடியில். நிஜத்தில் அந்த நிமிடமே விலங்கு மாட்டியிருப்பார்கள். ஆனால் தொடர் அதை அதோடு விடவில்லை. கூரையில் இருக்கிற ஓட்டைகளைப் பிற்பாடும் யாராவது நிமிர்ந்து பார்த்துக் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பார்கள். இது போன்ற ஞாபக சக்திதான் பத்து வருடம் பார்த்தவர்களை அந்த அலுவலகத்தோடு ஒட்ட வைத்தது.

2001 செப்டம்பருக்குப் பிறகு தொடரின் முகம் மாறியது. அதுவரை அலுவலகத்தின் செல்லப்பிள்ளையாக இருந்த பட் ராபர்ட்ஸ் ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடி வயலுக்குள் ஓடப் போகிற ஒரு சிறுவனைத் தடுக்க ஓடி, தானே கண்ணியில் கால் வைத்துவிடுகிறான். காலை இழக்கிறான். செயற்கைக் காலோடு மறுபடி பணிக்கு வரப் போராடுகிற எபிசோடுகளில் பேட்ரிக் லேபியர்டோவின் நடிப்பை, ஹார்மின் எல்லா விமானச் சாகசங்களுக்கும் மேலாக வைப்பேன்.

2002 ஏப்ரல் இறுதியில், அல் கைதா ஆசாமி ஒருவனை ராணுவத் தீர்ப்பாயத்தில் விசாரிக்கிற எபிசோடு வந்தது. அப்போது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அந்தத் தீர்ப்பாயங்களுக்கான விதிகளை அறிவித்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நிஜத்தில் ஒரு விசாரணையும் தொடங்கவில்லை. தொடரில் எல்லாம் கண்ணியமாக நடந்து முடிகிறது. நிஜத்தில் என்ன ஆயிற்று என்பதை இந்தக் கேள்வி கேட்டவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஹார்ம் ராப் செய்திருக்க வேண்டியதைச் செய்த ஒரு மனிதர் உண்மையிலேயே இருக்கிறார்.

சார்ல்ஸ் ஸ்விஃப்ட், கடற்படை ஜாக் அதிகாரி, லெப்டினன்ட் கமாண்டர். குவாண்டனாமோ என்ற அமெரிக்கச் சிறை முகாமில் அடைக்கப்பட்டிருந்த சலீம் ஹம்தான் என்ற ஏமன் நாட்டவருக்கு வக்கீலாக நியமிக்கப்பட்டார். ஹம்தான் ஒசாமா பின் லேடனின் டிரைவராக இருந்தவர். ஸ்விஃப்ட் அந்தத் தீர்ப்பாயமே சட்டப்படி செல்லாது என்று தன் பாதுகாப்பு அமைச்சர் மீதே வழக்குப் போட்டார். வழக்கின் பெயர் 'ஹம்தான் எதிர் ரம்ஸ்ஃபெல்ட்'. 2006 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஹம்தான் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த அதே காலத்தில் ஸ்விஃப்டுக்குப் பதவி உயர்வு இல்லை என்ற செய்தியும் வந்தது. உயராதவர் வெளியேற வேண்டும் என்பது அங்கே விதி. 2007இல் கடற்படையை விட்டுப் போனார். அந்தத் தீர்ப்பு வந்தபோது ஜாக்கின் கடைசி எபிசோடு ஒளிபரப்பாகி ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. சீருடை போட்ட வக்கீல் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதற்கு 227 எபிசோடுகளில் கிடைக்காத பதில் அந்த ஒரு வழக்கில் இருக்கிறது என்று எனக்குப் படும்.

கடைசி எபிசோடைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றை எச்சரிக்க வேண்டும். ஹார்முக்கு லண்டன், மேக்குக்கு சான் டியாகோ என்று மாற்றல் வருகிறது. கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டார்கள், யார் வேலையை விடுவது என்று நாணயம் சுண்டிப் பார்க்கிறார்கள். பட் சுண்டுகிறான். நாணயம் காற்றில் சுழல்கிறது. அங்கேயே படம் உறைந்துவிடுகிறது. பூவா தலையா என்று காட்டவே இல்லை! பத்து வருடம் பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். 2019இல் 'என்.சி.ஐ.எஸ். லாஸ் ஏஞ்சலஸ்' தொடரில் இருவரும் திரும்ப வந்தபோது, அவர்கள் சேர்ந்து இல்லை என்று தெரிந்தது. எனக்கு அந்தச் சுழல்கிற நாணயமே போதும்.

பத்து சீசனையும் வரிசையாகப் பார்க்க நேரமில்லை என்றால், முதல் சீசனில் முன்னோட்ட எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு நேராக இரண்டாம் சீசனுக்குப் போய்விடுங்கள். முதல் சீசனில் துப்பாக்கிச் சண்டையும் விமானமும்தான் அதிகம், அதில் பல விமானக் காட்சிகள் பழைய படங்களிலிருந்து எடுத்து ஒட்டியவை. தொடர் நிதானம் கண்டது மேக் வந்த பிறகுதான். ஏழாம், எட்டாம் சீசன்களைத் தவற விடாதீர்கள். ஒன்பதாம் சீசன் முடிவில் செக்விடன் ஓய்வு பெற்றுப் போனதும் சுருதி இறங்குகிறது. பத்தாவதைக் கடைசி எபிசோடுக்காகப் பார்க்கலாம். பார்க்கும்போது பதவிப் பெயர்களில் குழம்பாதீர்கள். கடற்படையில் 'கேப்டன்' என்றால் தரைப்படையின் கர்னலுக்குச் சமம். கடற்படை 'லெப்டினன்ட்' என்பவர்தான் தரைப்படை கேப்டனுக்குச் சமம். மேக் மரைன் என்பதால் அவளுடைய மேஜர் பதவி ஹார்மின் லெப்டினன்ட் கமாண்டருக்கு நிகர். இது தெரியாமல் பார்த்தால், யார் யாருக்கு சல்யூட் அடிக்கிறார்கள் என்பதே பாதிக் காட்சிகளில் விளங்காது.